கால் கிலோ கவுதாரியும் ஒரு பொறாமைக்காரனும்

கலியாணம் ஆன நாளிலிருந்து என் மனைவி விஷயத்தில் நான் ஒரே ஒரு ஆண்பிள்ளையைப் பார்த்துத்தான் வயிறெரிந்திருக்கிறேன். அவன் எடை கால் கிலோ. நிமிர்ந்து நின்றாலும் என் முழங்காலுக்குக் கீழேதான் இருப்பான். தொண்டையைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு, கயிற்றுச் சங்கிலி போட்ட மைனர் மாதிரி. சிவந்த கால்கள் இரண்டிலும் பின்பக்கம் ஒவ்வொரு முள். அந்த முள் எப்படிக் குத்தும் என்று என் கணுக்காலைக் கேட்டால் சொல்லும். அவன் ஒரு கவுதாரி.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. தங்கச் சுரங்க ஊரில், ஸ்கெலட்டன் என்கிற இடத்துப் பக்கம், தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருந்தோம். ஒரு அறை, முன்னால் மூங்கில் தட்டி வைத்து மறைத்த கொஞ்சம் இடம், அவ்வளவுதான் அரண்மனை. சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கிற கேங்கில் எனக்கு வேலை. மனைவிக்கு ஊர் பேத்தமங்களா. எங்கள் ஊர் முழுக்க அவள் ஊர் ஏரித் தண்ணீரைத்தான் குடித்தது. அதைச் சொல்லிக்காட்டாமல் அவள் ஒரு சண்டையையும் முடித்ததில்லை. சொந்த மாமன் முறை என்பதால் எனக்கு வீட்டில் ‘மாமா’வும் உண்டு, ‘நீ’யும் உண்டு.

அந்த வருஷம் கடலைக் கொல்லையில் களை எடுக்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வரப்போரம் புல் அறுத்துக்கொண்டிருந்தபோது அரிவாள் முனைக்குப் பக்கத்திலிருந்து ஒரு கவுதாரி விர்ரென்று எழுந்து போனதாம். பார்த்தால் தரையில் சின்னப் பள்ளம், நாலு காய்ந்த புல், அதில் வெளிர் மஞ்சளாக முட்டைகள். வீடு கட்டுவதில் கவுதாரிக்கும் எனக்கும் ஒரே அளவு ஆர்வம். புல் மறைவு போனதால் தாய் திரும்பி வரவில்லை. இவள் முட்டைகளை முந்தானையில் கட்டிக்கொண்டு வந்து அடைக்கோழிக்குக் கீழே வைத்திருக்கிறாள். பாதி கூமுட்டை. பொரிந்த குஞ்சுகளையும், இது நம் ஜாதி இல்லை என்று கோழியே கொத்திப் போட்டுவிட்டது. கடைசி முட்டையை மட்டும் இவள் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருக்க, உள்ளங்கையிலேயே ஓடு வெடித்து அவன் வெளியே வந்திருக்கிறான். கண் திறந்து முதலில் பார்த்த முகம் அவளுடையது. எனக்கும் வாலிபத்தில் முதலில் பிடித்துப்போன முகம் அதுதான். ஆனால் நான் அதைச் சொன்னபோது அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்; நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

முதல் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது, ஊரிலிருந்து திரும்பிய மனைவி மடியில் கூடையை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். கூடைக்குள் கோடு போட்ட பஞ்சுருண்டை ஒன்று நின்றது.

“இன்னாமே அது?”

“கவுதாரி மாமா.”

எனக்கு உடனே மிளகு வறுக்கிற வாசனை வந்துவிட்டது. “எப்போ பெருசாவும்?” என்று கேட்டேன்.

“பாரேன், உனுக்கும் அது மேல ஆசையா கீது!” என்றாள். சந்தோஷத்தில் அன்று எனக்கு ஒரு முட்டை அதிகமாகக் கிடைத்தது. அவனால் எனக்குக் கிடைத்த நன்மை அது ஒன்றுதான்.

கவுதாரிக் குஞ்சுக்குத் தாய் ஊட்ட வேண்டியதில்லை. பிறந்த அன்றே ஓடும், காட்டினால் தானே பொறுக்கித் தின்னும். காட்டத்தான் ஆள் வேண்டும். கரையான் என்றால் அதற்கு உயிர். சுரங்கத்து மர டிப்போவில் கழித்துப் போட்ட கட்டையை விறகுக்கு எடுத்து வர எங்களை விடுவார்கள். அதுவரை நல்ல கட்டையாகப் பார்த்துப் பொறுக்குவேன். அதற்குப் பிறகு கரையான் அரித்த கட்டையாகப் பார்த்துத் தோளில் சுமந்து வந்தேன். நான் கோடாலியால் பிளப்பேன். உள்ளேயிருந்து வெள்ளையாகக் கொட்டுகிற பூச்சியை அவன் தின்பான். “எவ்ளோ சமத்து பாரு, ஒண்ணுகூட உடல!” என்று அவள் அவனைப் பாராட்டுவாள். கோடாலி போட்டவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்பேன்.

மூன்று நான்கு மாதத்தில் வாட்டசாட்டமாகிவிட்டான். றெக்கை இருந்தும் பறக்கிற புத்தி அவனுக்கு இல்லை. காலை நம்பிப் பிழைக்கிற ஜாதி அது. நாய் துரத்தினாலும் தலையை நீட்டிக்கொண்டு ஓடித்தான் தப்பிப்பான். நாய் வாயை வைக்கிற கடைசி நொடியில்தான் விர்ரென்று கிளம்பி, தாழப் பறந்து, பத்தடி தள்ளி இறங்கி மறுபடியும் ஓடுவான். மேலே பருந்து நிழல் ஓடினால் அப்படியே தரையோடு ஒட்டிக்கொள்வான். மண் எது, அவன் எது என்று தெரியாது. நான் மிதித்துவிடக் கூடாது என்பதற்காக அவள் என்னைத்தான் வாசலில் நிறுத்தி வைப்பாள். “அங்கேயே நில்லு மாமா. அவன் எங்க கீறான்னு பாத்துட்டு சொல்றேன்.” பூமிக்குள் எத்தனையோ லெவல் இறங்கி ஏறி வந்தவன், என் வீட்டு வாசலில் அனுமதிக்காகக் காத்திருந்தேன்.

அவன் தண்ணீரில் குளிக்க மாட்டான். மண்ணில்தான் புரள்வான். இறகுக்குள்ளே தூசியை வாரிப் போட்டு உதறினால் பேன் போகும். ஆகவே எனக்கு வெந்நீர் வைக்கிறதுக்கு முன்னால் அவனுக்கு மண் சலித்து, அடுப்புச் சாம்பல் கலந்து, வாசல் மரத்தடியில் கொட்டி வைப்பாள். கல் இருந்தால் அவனுக்கு முதுகு வலிக்குமாம். நான் எட்டு மணி நேரம் சாய்கிற இடமெல்லாம் பாறை.

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தால்தான் உண்மையான நரகம். விடிகிற நேரம் அவன் தொண்டையைக் கனைக்கிற மாதிரி ‘டிக், டிக்’ என்று ஆரம்பிப்பான். பிறகு தலையைத் தூக்கி ‘கட்டீலா! கட்டீலா! கட்டீலா!’ என்று லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி முழங்குவான். காட்டில் என்றால் பக்கத்துப் புதரிலிருந்து பெட்டை பதில் சொல்லும். லைனில் பதில் சொல்ல யாரிருக்கிறார்கள்? தண்ணீர்க் குழாயடியிலிருந்து என் மனைவிதான், “இன்னாடா கண்ணு, தோ வந்துட்டேன்!” என்பாள். இத்தனை வருஷத்தில் நான் கூப்பிட்டு அவள் குழாயடியை விட்டு ஓடி வந்ததே இல்லை. ஒருநாள் சோதித்துப் பார்த்தேன். படுத்தபடியே உரக்கக் கூப்பிட்டேன். “வயசாவுதே தவிர, ஒரு சொம்பு தண்ணி மோந்து குடிக்கத் தெரியுதா பாரு” என்று பக்கத்து அக்காவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

அவன் வேறு என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டான். ஆண் கவுதாரி தன் எல்லைக்குள் இன்னொரு ஆணைச் சேர்க்காது. அவன் கணக்கில் அந்த வீடு அவன் எல்லை, அவள் அவன் ஜோடி, நான் எல்லை தாண்டி வந்த வேற்று ஆண். அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தால் கழுத்தை நீட்டி, இறகைச் சிலிர்த்து, நேரே என் கணுக்காலுக்கு வருவான். நான் காலை மடித்துக்கொண்டு சோறு தின்னப் பழகினேன்.

எதிர்வீட்டுக்காரர் துளை மிஷின் ஓட்டுபவர். எனக்கு மச்சான் முறை, அந்த உரிமையை வீணாக்கியதே இல்லை. நான் வாசலில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், “இன்னா மச்சான், ஊட்டுக்காரரு உன்ன உள்ள உட்லியா?” என்பார்.

ஊட்டுக்காரரின் தயவைச் சம்பாதித்துக்கொள்ளலாம் என்று ஒருநாள் முடிவு செய்தேன். அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அவளுடைய பழைய புடவையை எடுத்துச் சுற்றி, தலையில் முக்காடு போட்டு, குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையில் கரையானை வைத்துக்கொண்டு, “வாடா கண்ணு” என்று அவள் குரலில் கூப்பிட்டேன். வந்தான். கரையானை ஒன்று விடாமல் தின்றான். தலையைச் சாய்த்து என் மீசையைப் பார்த்தான். அப்புறம் கட்டைவிரலில் ஒரு கொத்து. நான் அலறிக்கொண்டு எழுந்து திரும்பினால், தட்டிக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டு மச்சான், அவர் மனைவி, கஞ்சித் தூக்கோடு வேலைக்குக் கிளம்பிய இரண்டு பேர். மச்சான் கைகூப்பி, “மன்னிச்சுக்கம்மா, மச்சான் இல்லியா ஊட்ல?” என்றார். அந்த ஷிஃப்டில் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜ் கீழே போய் நின்றதும் எல்லா லெவலுக்கும் செய்தி போய்விட்டது.

அவனை விட்டு அவள் எங்கும் போவதில்லை. குழாயடிக்குப் போனால் பின்னால் நாய்க்குட்டி மாதிரி ஓடுவான். ராபர்ட்சன்பேட்டைக்குப் பஸ்ஸில் போனால் காய்கறிப் பைக்குள் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு வருவான். அங்கே ஸ்டூடியோவில் ஒரு போட்டோ எடுத்தோம். நாங்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட முதல் போட்டோ. அவள் மடியில் அவன் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறான். அவனை அசையாமல் வைக்கிறதுக்குள் நேரமாகி, எனக்குக் கண் சொருகிவிட்டது. “கவுதாரி நல்லா விழுந்துருக்குது” என்று போட்டோக்காரர் தன் தொழில் திறமையைப் பாராட்டிக்கொண்டார்.

என் பொறாமைக்கு வாய் முளைத்தது டீக்கடையில்தான். சுரங்க வாயான ஷாஃப்ட்டுக்குப் போகிற வழியில் உள்ள கடை. மச்சான் வழக்கம்போல ஆரம்பித்தார்: “அந்தப் பட்சி மேல தங்கச்சிக்கு அப்படி இன்னா மச்சான் பாசம்? உங்கிட்ட இல்லாதது அதுங்கிட்ட இன்னா கீது?”

“தங்கம் கீது,” என்றேன்.

கடையே என் பக்கம் திரும்பியது. நானும் விடவில்லை. “பல்லில்லாத பட்சி தானியத்த எப்படி அரைக்கும்? கல்லு முழுங்கும். நம்ம ரோட்டுல டிரக்குலேர்ந்து சிந்தற வெள்ளக் கல்லுதான் அதுக்குப் புடிக்குது. கல்லு வயித்துல நின்னு அரைச்சுகினே இருக்கும். கல்லு தேஞ்சு தூளாப் பூடும். அதுல இருக்கற தங்கம் எங்க போவும்? உள்ள தான் கீது.”

வேறு எந்த ஊரிலும் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். எங்கள் ஊரில் வெள்ளைக் கல்லை அரைத்தால் கடைசியில் தங்கம் வரும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த நியாயம். மேலே மில்லில் இரவு பகலாக அதைத்தானே செய்கிறார்கள்? நான் சொன்னதில் கல்லும் சரி, அரைப்பதும் சரி, கவுதாரிக்குக் கல் வேண்டும் என்பதும் சரி. ஆகையால் முடிவும் சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று டீக்கடை தீர்மானித்துவிட்டது.

மறுநாளிலிருந்து எங்கள் வாசலில் கூட்டம். அவன் எச்சத்தை மச்சான் குச்சியால் கிளறிப் பார்த்தார். நேற்றுவரை எங்களைத் திரும்பிப் பார்க்காத ஒரு அக்கா, கொழுத்த கோழி இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்து, “மாத்திக்கலாமா தங்கச்சி?” என்றாள். யாரோ சாக்குப் பையோடு மரத்தடிவரை வந்து, மனைவி விளக்குமாற்றை எடுத்ததும் வழி தவறி வந்தவன் மாதிரி நடந்து போனான். எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது. எதிரிக்கு எதிராக ஊரே திரண்டுவிட்டது. நான் ஒரு சுள்ளியைக்கூட நகர்த்த வேண்டியதில்லை. மிளகு மட்டும் வாங்கி வைத்தால் போதும்.

அப்போதுதான் காவல்காரர் வந்தார். ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது வாயைத் திறக்கச் சொல்லி, தூக்கைத் திறக்கச் சொல்லி, தடவிப் பார்த்து அனுப்புகிறவர்களில் ஒருவர். தங்கம் இருக்கிற கல் ஒருத்தர் வீட்டில் இருந்தால் அது சாதாரணக் குற்றமில்லை. கல் கவுதாரிக்குள் இருந்தால் என்ன சட்டம் என்று அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“சொன்னது நீதானப்பா?” என்றார் என்னைப் பார்த்து.

“தமாசுக்குச் சொன்னேங்க.”

“தமாசு மேல போயி பெரியவர் காதுல உழுந்தா என் வேல பூடும். அறுத்துப் பாத்துட்டா தீந்துச்சு. ஒண்ணும் இல்லன்னா கொழம்பு வச்சுக்கங்க.”

லைன் முழுக்க எங்கள் வாசலில் நின்றது. அவனோ மரத்தடியில் மண்ணில் புரண்டுகொண்டிருந்தான். நான் மனைவி முகத்தைப் பார்த்தேன். அழுவாள், என் கையைப் பிடித்துக்கொண்டு ‘மாமா, நீ சொல்லு மாமா’ என்பாள், நான் பெருந்தன்மையாக நடுவில் வருவேன் என்று ஒரு நப்பாசை.

அவள் என் பக்கமே திரும்பவில்லை. போய் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“வயித்துல கல்லு கீதுன்னுதானே அறுக்கணும்ன்றீங்க? எம் மாமா எத்தினியோ வருசமா பூமிக்குள்ள போயி கல்லுத் தூள முழுங்கிகினு வராரு. ராவெல்லாம் இருமறாரு. நெஞ்சு பூரா கல்லு. தங்கம் இருந்தா அவருகிட்டதான் ஜாஸ்தி இருக்கும். மொதல்ல அவர அறுங்க. ஒண்ணும் இல்லன்னா அப்புறம் இத்தப் பாக்கலாம்.”

அங்கே நின்ற ஆண்களில் இருமாதவன் எவன்? காவல்காரரும் ஒரு காலத்தில் உள்ளே வேலை பார்த்துவிட்டு மேலே வந்தவர்தான். அவருக்கு இருமல் வந்தது. கொஞ்ச நேரம் இருமினார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார்: “நான் வரவும் இல்ல, பாக்கவும் இல்லம்மா. ஆனா இந்த லைன்ல இனிமே இத்த வச்சுக்காத. நான் அறுக்கலன்னாலும் இவனுங்க எவனாவது அறுத்துடுவான். ஊருக்குக் கொண்டும் போயி உட்டுடு.”

புருஷனுக்காக என்னமாய்ப் பேசினாள் என்று லைன் பெண்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். எனக்கு மட்டும்தான் வரிசை சரியாகத் தெரிந்தது: கத்தி முதலில் எனக்கு, பிறகுதான் அவனுக்கு.

அடுத்த லீவு நாளில் பேத்தமங்களாவுக்குப் போனோம். அவன் பையில், பை அவள் மடியில், நான் பின் சீட்டில். ஏரிக்கரைக்கு அப்பால், கொல்லைகள் முடிகிற இடத்தில், மாடு மேய்ந்து கட்டையான புல்லும் நடுநடுவே வேல முள் புதருமாக ஒரு மேட்டு நிலம். கவுதாரிக்கு அடர்ந்த காடு ஆகாது. ஓடுவதற்கு வெட்டவெளி வேண்டும், ஒளிவதற்குப் புல் வேண்டும், பொழுது சாய்ந்தால் ஏறி அடைவதற்கு முள்மரம் வேண்டும். எல்லாம் இருந்தது. கீழே இறக்கி விட்டாள்.

அவன் அவள் காலடியை விட்டு நகரவில்லை. அவள் நாலடி நடந்தால் அவனும் நாலடி. அவள் புதருக்குப் பின்னால் ஒளிந்தால் சுற்றி ஓடிவந்து நின்றான். “போடா கண்ணு, போ” என்று அழுதுகொண்டே சொன்னாள். அவன் இன்னும் நெருங்கி வந்து அவள் மெட்டியைக் கொத்தினான். இந்தப் பை மறுபடி பஸ் ஏறப்போகிறது, நான் மறுபடி காலை மடித்துச் சோறு தின்னப்போகிறேன்.

வெயில் தணிந்து மஞ்சளானபோது தூரத்துப் புதரிலிருந்து ஒரு கவுதாரி கூப்பிட்டது.

அவன் கழுத்து நிமிர்ந்தது. அப்படி அவன் நின்று நான் பார்த்ததே இல்லை. ‘டிக், டிக்’ என்று ஆரம்பித்தான், பாதியில் நிறுத்தினான், பிறகு முழங்கினான். இவன் முடிக்கிறதுக்குள் அந்தப் பக்கமிருந்து பதில் வந்து இவன் குரலின் மேலேயே ஏறிக்கொண்டது. பிறந்ததிலிருந்து அவன் கூப்பிட்டதுக்கு முதல்முறையாக அவன் பாஷையில் ஒருத்தி பதில் சொல்கிறாள். தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓட ஆரம்பித்தான்.

“டேய் கண்ணு!” என்றாள் என் மனைவி. போ என்று சொன்ன அதே வாயால்.

அவன் நின்றான். குனிந்து ஒரு எறும்பைக் கொத்தித் தின்றுவிட்டு, மறுபடி ஓடிப் புல்லுக்குள் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு குரலும் ஒரே புதரிலிருந்து கேட்டது.

ஜெயித்துவிட்டேன் என்று துள்ளியிருக்க வேண்டும். மனசுக்குள் ஒரு சின்னத் துள்ளல் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் புதரைப் பார்த்துக்கொண்டு அவள் நின்ற விதம் இருக்கிறதே! நான் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது அவளும் வாசலில் நின்று பார்ப்பாள்தான். எல்லா வீட்டிலும் பார்ப்பார்கள். இந்த மாதிரி ஒரு பார்வை என் முதுகில் விழுந்திருந்தால் எனக்குத் தெரியாமலா போயிருக்கும்?

இருட்டுவதற்குள் பஸ் ஏறினோம். காலிப் பையை மடித்து மடித்து உள்ளங்கை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஏரி மறைந்த பிறகு கேட்டாள்:

“அவளப் பாத்தியா மாமா?”

“எவள?”

“அதான், கூப்புட்டாளே. புதர்லேர்ந்து ஒருவாட்டி தல நீட்னாளே.”

“பாத்தேன்.”

“இன்னா, அவ்ளோ அழகா அவ?”

எல்லாக் கவுதாரியும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆணுக்கும் பெட்டைக்குமே காலில் முள்ளைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அதைச் சொல்லியிருக்கலாம். எவனாவது புத்தியுள்ளவன் ‘உன் அளவுக்கு இல்லை’ என்று சொல்லியிருப்பான். நான் யோசித்துப் பார்த்து, உண்மையாகவே பதில் சொன்னேன்.

“ஆமா, நல்லாத்தான் இருந்தா.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ராபர்ட்சன்பேட்டை வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததுகூட அவனுக்காகத்தான். அதிலும் எனக்குப் பங்கு கிடைக்கவில்லை.